தொண்டைப் புண்ணும் இருதயமும்

நம் வீடுகளில் குழந்தைக்குத் தொண்டை வலி வந்தால் அதனை ஒரு நோய் என்று யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. மழையில் நனைந்தது, பனியில் விளையாடியது, ஐஸ் தின்றது என்று ஏதேனும் ஒரு காரணம் கூறி, சுக்கும் மிளகும் கருப்பட்டியும் இட்டுக் காய்ச்சிய காப்பியைக் கொடுத்துவிடுகிறோம். மூன்று நான்கு நாட்களில் வலி தானாகவே நின்றுவிடுகிறது. பத்தில் ஏழெட்டுத் தடவை இதற்கு மேல் செய்ய வேண்டியதும் இல்லை. ஏனெனில் சிறுவர்களின் தொண்டை வலிகளுள் பெரும்பாலானவை வைரஸ் என்னும் நுண்கிருமிகளால் உண்டாகி, வந்த வழியே போய்விடுபவை. எஞ்சிய இரண்டு மூன்று தடவைகளைப் பற்றியதே இக்கட்டுரை. அவற்றுக்குக் காரணம் வேறொரு கிருமி. அதனால் வரும் தொண்டை வலியும் சில நாட்களில் தானாகவே நின்றுவிடும். ஆனால் அது நின்ற பிறகுதான் சில குழந்தைகளுக்கு உண்மையான தீங்கு தொடங்குகிறது. வலி நின்ற பின் தீங்கு தொடங்குவது எவ்வாறு என்பதை விளங்கிக்கொண்டால், டாக்டர் பத்து நாள் மருந்து கொடுத்தால் பத்து நாளும் ஏன் உட்கொள்ள வேண்டும் என்பதும் விளங்கும்.

அக்கிருமியின் பெயர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ். 1874 இல் வியன்னா நகரத்து அறுவை வைத்தியரான தியோடர் பில்ரோத் கிரேக்கச் சொற்களைக் கொண்டு இப்பெயரை இட்டார். சங்கிலியாய்க் கோத்த மணிகள் என்பது இதன் கருத்து. தோவாளைச் சந்தையில் சரஞ்சரமாகத் தொங்கும் பூக்களைக் கண்டவர்கள் இதன் உருவத்தை எளிதில் மனத்தில் கொள்ளலாம். ஆனால் இச்சரத்தின் ஒவ்வொரு மணியும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே இருக்கும். இவ்வினத்தில் பல பிரிவுகள் உண்டு. அவற்றுள் ‘ஏ’ பிரிவு என்று சொல்லப்படுவதே தொண்டைப் புண்ணை உண்டாக்குவது. இதற்கு இயற்கையான இருப்பிடம் மனிதனின் தொண்டையும் தோலுமே. இருமும்போதும் பேசும்போதும் தெறிக்கும் துளிகளின் வாயிலாக ஒருவரிடமிருந்து மற்றொருவரை அடைகிறது. ஐந்து வயது முதல் பதினைந்து வயது வரையுள்ள பள்ளிச் சிறார்களையே இது மிகுதியாகப் பற்றுகிறது.

உடலுக்குள் புகுந்த எந்தக் கிருமிக்கும் முதற் பகை நமது குருதியிலுள்ள வெள்ளணுக்கள். அவை கிருமியைக் கண்டால் சூழ்ந்துகொண்டு விழுங்கிவிடும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இவ்வணுக்களிடமிருந்து தப்புவதற்கென்றே பலவகைப் புரதங்களை உண்டாக்கி வைத்திருக்கிறது. வெள்ளணுக்களை ‘இங்கே வாருங்கள்’ என்று அழைக்கும் ஒரு பொருள் நம் உடலில் ஊறுகிறது. கிருமியின் புரதம் ஒன்று அவ்வழைப்புப் பொருளையே துண்டித்துவிடுகிறது. மற்றொன்று உயிரணுக்களின் மேலுறையில் துளையிடும் நஞ்சு. ஸ்ட்ரெப்டோலைசின் ‘ஓ’ என்பது அதன் பெயர். இரத்தப் பரிசோதனைச் சீட்டுகளில் ஏ.எஸ்.ஓ. என்று மூன்று எழுத்துகள் காணப்படுகின்றனவே, அவை இந்நஞ்சுக்கு எதிராக உடல் உண்டாக்கிய பொருளின் அளவைக் குறிப்பவை. அவ்வளவு கூடியிருப்பின் அண்மையில் இக்கிருமி வந்து போயிற்று என்று பொருளே யொழிய, இருதய நோய் வந்துவிட்டது என்று பொருளன்று. சீட்டைக் கண்டதும் கலங்கிப் போகும் பெற்றோர் பலர் ஆதலின் இதனை இங்கே குறிப்பிட நேர்ந்தது.

இன்னொரு புரதம் ஸ்ட்ரெப்டோகைனேஸ். கிருமியைச் சுற்றி உடல் எழுப்பும் உறைந்த குருதி வேலியை இது கரைத்து வழி உண்டாக்குகிறது. 1933 இல் அமெரிக்காவில் டில்லெட், கார்னர் என்ற இருவர் இதனைக் கண்டறிந்தனர். கெடுதலுக்கென்று கிருமி செய்த இக்கருவியையே பிற்காலத்தில் வைத்தியர்கள் தம் கையில் எடுத்துக்கொண்டு, மாரடைப்பு நேர்ந்தவரின் இருதயக் குழாயில் அடைத்த கட்டியைக் கரைக்கும் மருந்தாக்கினர். சண்டீகரிலுள்ள நுண்ணுயிர்த் தொழில்நுட்ப நிறுவனத்தில் டாக்டர் கிரீஷ் சாஹ்னியும் அவர் குழுவினரும் இம்மருந்தை நம் நாட்டிலேயே தயாரிக்கும் முறைகளை வகுத்தனர். தொண்டைக் கிருமியால் இருதயம் கெடுவதைப் பற்றிப் பேச வந்த இடத்தில், அதே கிருமியால் இருதயம் பிழைத்ததையும் சொல்லாமல் போவது நியாயமாகாது.

இவை யாவற்றினும் முக்கியமானது எம் புரதம். இதனைக் கண்டவர் ரெபெக்கா லான்ஸ்பீல்டு என்ற பெண்மணி. முதல் உலகப் போரின்போது டெக்சாஸ் மாநிலத்துப் படைமுகாம்களில் போர்வீரர்களிடையே இக்கிருமி பரவியது. அங்கிருந்து எடுத்த கிருமிகளை நியூயார்க் நகரத்து ராக்பெல்லர் நிறுவனத்தில் ஆராயும் பணியில் 1918 இல் சேர்ந்த அவர், ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் இவ்வொரு கிருமியையே ஆராய்ந்தார். 1928 இல் எம் புரதத்தைப் பற்றி எழுதினார். சோதனைத் தட்டில் பளபளப்பின்றி மங்கலாக வளர்ந்த கிருமிகளிடம் இப்புரதம் காணப்பட்டமையால், மங்கல் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தே இதற்குப் பெயராயிற்று.

எம் புரதம் கிருமியின் உடல் முழுவதும் மெல்லிய மயிர் போல நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் அமைப்பை நம் மாவட்டத்தாருக்கு விளக்குவது கடினமன்று. தென்னை நார் திரித்து இரு புரிகளை ஒன்றோடொன்று முறுக்கிக் கயிறாக்குவதை நாம் அறிவோம். எம் புரதமும் அவ்வாறே இரு இழைகள் முறுக்கிய கயிறு. இக்கயிறு நம் குருதியில் இயல்பாகவே ஓடும் சில புரதங்களைப் பிடித்துத் தன்மேல் போர்த்திக்கொள்கிறது. அயலூர்க்காரன் ஒருவன் இவ்வூர் ஆடையை உடுத்திக்கொண்டு கூட்டத்தில் கலந்துவிட்டால் காவலருக்கு அடையாளம் தெரியாதல்லவா? வெள்ளணுக்களும் அவ்வாறே ஏமாந்துபோகின்றன. எம் புரதம் இல்லாத ஸ்ட்ரெப்டோகாக்கஸை மனிதக் குருதியில் இட்டால் வெள்ளணுக்கள் அதனை விரைவில் தீர்த்துவிடும். எம் புரதம் உள்ளதோ அங்கேயே பெருகும்.

எனினும் உடல் என்றென்றைக்கும் ஏமாந்திருப்பதில்லை. சில நாட்களில் எம் புரதத்தையே இலக்காகக் கொண்ட எதிர்ப்பொருள்களை அது உண்டாக்கிவிடுகிறது. அவை கயிற்றின் நுனியைப் பற்றிக்கொண்டதும் மாறுவேடம் கலைகிறது; வெள்ளணுக்கள் வேலையைத் தொடங்குகின்றன. இரண்டு சங்கடங்கள் இங்கேதான் எழுகின்றன.

முதலாவது, கயிற்றின் அடிப்பகுதி எல்லாக் கிருமிகளிலும் ஏறக்குறைய ஒன்றாயிருக்க, நுனிப்பகுதி வகைக்கு வகை மாறுபடுகிறது. இவ்வாறு இருநூறுக்கு மேற்பட்ட வகைகள் இதுவரை கணக்கிடப்பட்டுள்ளன. ஒரு வகைக்கு எதிராக உண்டான பாதுகாப்பு மற்றொரு வகைக்குப் பெரும்பாலும் பயன்படுவதில்லை. ஆகவேதான் ஒரே குழந்தைக்கு இத்தொண்டைப் புண் மீண்டும் மீண்டும் வருகிறது. அம்மை ஒருமுறை வந்தால் மறுமுறை வருவது அரிது என்னும் கணக்கு இங்கே செல்லாது.

இரண்டாவது சங்கடம் பெரிது. இருதயத் தசையைச் சுருங்கி விரியச் செய்யும் மயோசின் என்னும் புரதமும் இரு புரி முறுக்கிய கயிறே. எம் புரதத்தின் சில பகுதிகள் இம்மயோசினை ஒத்திருக்கின்றன. கிருமியின் மேலுறையிலுள்ள ஒருவகைச் சர்க்கரைப் பொருள் இருதய வால்வுகளில் உள்ள பொருளை ஒத்திருக்கிறது. கிருமியை வேட்டையாடப் புறப்பட்ட எதிர்ப்பொருள்கள், சில குழந்தைகளின் உடலில், இவ்வொற்றுமையினால் தடுமாறி வால்வின் மெல்லிய உள்ளுறையில் போய்ப் படிகின்றன. அதனைத் தொடர்ந்து வெள்ளணுக்களும் அங்கே நுழைகின்றன. கிருமி இருதயத்தை வந்தடைந்ததா என்றால், இல்லை. அது தொண்டையோடு நின்றுவிட்டது. இருதயத்தைத் தாக்குவது நம் சொந்தக் காவற்படை. வலி நின்ற பின்பு தீங்கு தொடங்குவதன் இரகசியம் இதுவே.

இந்நிலைக்கு ருமாட்டிக் காய்ச்சல் என்று பெயர். வாதக் காய்ச்சல் என்று எழுதுவாரும் உண்டு. தொண்டைப் புண் ஆறி இரண்டு மூன்று வாரங்கள் சென்ற பின்னர்க் காய்ச்சலும் மூட்டு வலியும் தோன்றும். இன்று முழங்காலில் வீக்கம், நாளை மறுநாள் அது வற்றிக் கணுக்காலில் வீக்கம், பின்பு மணிக்கட்டில் என்று வலி இடம் மாறிக்கொண்டே செல்வது இதன் இயல்பு. சில குழந்தைகள், பெரும்பாலும் சிறுமியர், கைகால்கள் தம் வசமின்றித் துடிக்க, ஏட்டில் எழுத்து கோணிப் போக, கையிலிருந்த பாத்திரம் நழுவ, வீட்டாரிடம் திட்டு வாங்குவர், அதுவும் இந்நோயே. மூட்டு வீக்கம் தழும்பின்றி ஆறிவிடும். கைகால் துடிப்பும் சில மாதங்களில் நின்றுவிடும். வால்வில் விழுந்த வடுவோ நின்றுவிடும்.

வால்வு என்பது இருதயத்தின் மடை. குளத்து மடையின் அடைப்பலகை உரிய நேரத்தில் திறக்கவும் வேண்டும், உரிய நேரத்தில் நீர் ஒழுகாமல் அடைக்கவும் வேண்டும். இடப்பக்கத்து மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மிட்ரல் வால்வே இந்நோயில் மிகுதியும் கெடுவது. ஒவ்வொரு தாக்குதலிலும் அதன் இதழ்கள் சிறிது சிறிதாகத் தடித்து, ஓரங்கள் ஒட்டி, சரியாகத் திறக்கவும் மாட்டாமல் அடைக்கவும் மாட்டாமல் நின்றுவிடுகின்றன. இது உடனே வெளிப்படுவதில்லை. எட்டு வயதில் தொண்டைப் புண் கண்ட சிறுமி, ஒன்பது வயதில் ‘வளர்ச்சி வலி’ என்று சொல்லி விடப்பட்ட மூட்டு வலியுடன் பள்ளிக்குச் சென்று, படித்து, மணம் முடிந்து, முதற் கருப்பத்தின் ஐந்தாம் ஆறாம் மாதத்தில் படியேற முடியாமல் மூச்சிரைத்து மருத்துவமனைக்கு வரும்போதுதான் வால்வு சுருங்கியிருப்பது கண்டறியப்படுகிறது. கருவுற்ற காலத்தில் இருதயம் அதிகக் குருதியைச் செலுத்த வேண்டியிருப்பதால், அதுவரை ஒளிந்திருந்த குறை அப்போது வெளிப்பட்டுவிடுகிறது. தாய், சேய் இருவர் உயிருக்கும் அது இடர்.

இந்நோய் நம்மிடையே எவ்வளவு உண்டு? வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர்கள் 2001-2002 ஆம் ஆண்டுகளில் அப்பகுதிக் கிராமப் பள்ளிகளில் ஏறத்தாழ 2,30,000 சிறார்களைப் பரிசோதித்தபோது, ஆயிரத்திற்கு ஒருவருக்கும் குறைவாகவே ருமாட்டிக் இருதய நோய் காணப்பட்டது. முந்தைய கணக்குகளோடு ஒப்பிட இது நல்ல குறைவு. ஆனால் நமக்கு அண்டையிலுள்ள திருவனந்தபுரத்தில் 5 முதல் 15 வயது வரையுள்ள 2,060 பள்ளிச் சிறார்களை எக்கோ கருவியினால் பரிசோதித்து 2015 இல் வெளியிட்ட ஆய்வில், 12 பேருக்கு வால்வில் குறை புலப்பட்டது. ஆயிரத்திற்கு ஆறு பேர்! ஸ்டெதாஸ்கோப்பின் காதுக்கு எட்டாதது எக்கோவின் கண்ணுக்கு எட்டுகிறது என்பதே இவ்விரு கணக்குகளின் வேறுபாட்டிற்குப் பெருங்காரணம். நோய் குறைந்துள்ளது என்று மகிழலாம்; ஒழிந்துவிட்டது என்று கூறுவதற்கில்லை.

திருவனந்தபுரத்தைக் குறிப்பிட்டவுடன் நம் மாவட்டத்தில் பலருக்கு ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் நினைவுக்கு வரும். கெட்டுப்போன வால்வை அகற்றிச் செயற்கை வால்வு பொருத்த வேண்டிய நிலையில், அயல்நாட்டிலிருந்து வரும் வால்வின் விலை ஏழைக் குடும்பங்களுக்கு எட்டாததாயிருந்த காலத்தில், அந்நிறுவனத்தின் தலைவர் டாக்டர் எம். எஸ். வலியத்தான் தம் பொறியியலாளர்களுடன் உள்நாட்டு வால்வு ஒன்றை உருவாக்க முனைந்தார். முதல் மூன்று அமைப்புகள் சோதனையில் தோற்றன. நான்காவது வென்றது. கெட்டியான பிளாஸ்டிக் வட்டத் தட்டு ஒன்று உலோகச் சட்டத்தினுள் சாய்ந்து திறந்து மூடும் இவ்வால்வு, 1990 டிசம்பரில் முதன்முதல் ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. டி.டி.கே. சித்ரா என்ற பெயருடன் இதுவரை ஒரு லட்சத்திற்கு மேற்பட்டோருக்கு இது பொருத்தப்பட்டுள்ளது. பெருமைப்பட வேண்டிய செய்திதான். எனினும் செயற்கை வால்வு பொருத்தியவர் ஆயுள் முழுவதும் குருதி உறையாமைக்கு மாத்திரை உண்ண வேண்டும். அதன் அளவைச் சரிபார்க்க அடிக்கடி இரத்தப் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். அறுவைச் சிகிச்சைச் செலவை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏற்கலாம். பரிசோதனைக்குப் போகும் நாளின் கூலியை யார் ஏற்பார்?

இத்தனையையும் தொடக்கத்திலேயே தடுக்கும் பொருள் விலை குறைந்த பென்சிலின். இது வெறும் கருத்தன்று; எண்ணிப் பார்த்த உண்மை. அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்து வாரன் முகாமில், இத்தொண்டைப் புண் கண்ட போர்வீரர்களுள் ஏறத்தாழ 800 பேருக்குப் பென்சிலின் கொடுத்தும், ஏறத்தாழ 800 பேருக்குக் கொடாமலும் பார்த்தனர். மருந்து பெறாதவர்களில் 17 பேருக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்தது. பெற்றவர்களில் இருவருக்கே வந்தது. 1950 இல் இம்முடிவு வெளியாயிற்று. புண் கண்டு ஒன்பது நாள் கழித்துப் பென்சிலின் தொடங்கினாலும் பயன் உண்டு என்பதும் பின்னர்த் தெரிந்தது. எனவே நாள் கடந்துவிட்டதே என்று தயங்க வேண்டியதில்லை. இன்னொரு நல்ல செய்தி: எத்தனையோ கிருமிகள் மருந்துகளுக்கு அடங்காமல் போய்விட்ட இக்காலத்திலும், ‘ஏ’ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பென்சிலினுக்கு இன்றும் அடங்கியே வருகிறது.

“காய்ச்சல் விட்டாச்சுல்லா, இனியும் என்னத்துக்கு மருந்து?” என்று கேட்கும் தாய்மார் நம் ஊர்களில் உண்டு. வலியும் காய்ச்சலும் இரண்டு மூன்று நாளில் நின்றாலும், கிருமிகள் தொண்டையின் மடிப்புகளில் எஞ்சி நிற்கின்றன. அவை நிற்கும்வரை எம் புரதமும் நிற்கிறது. அதற்கு எதிரான பொருள்களை உடலும் உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. நாம் நிறுத்த வேண்டியது வலியை மட்டுமன்று, உடலைத் தடுமாறச் செய்யும் அப்புரதத்தின் இருப்பையும் ஆகும். வாய்வழி மருந்தாயின் பத்து நாள் என்பதற்கும், நாளடைவில் ஊறும் பென்சாத்தின் பென்சிலின் ஊசியாயின் ஒன்று என்பதற்கும் இதுவே காரணம்.

எல்லாத் தொண்டை வலிக்கும் பென்சிலின் வேண்டும் என்று இதற்குப் பொருளல்ல. மூக்கொழுகலும் இருமலும் குரல் கம்மலும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் வைரஸே. கருப்பட்டிக் காப்பி போதும். இருமலின்றித் திடீரென்று காய்ச்சல், விழுங்கும்போது கடுவலி, வாயைத் திறந்து பார்த்தால் அடிநாக்கின் இருபுறச் சதைகளும் சிவந்து வெண்படலம் படிந்திருத்தல், தாடையின் கீழ்த் தொட்டால் வலிக்கும் நெறிகள் இவை இருப்பின் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லவேண்டும். மருந்துக் கடையில் இரண்டு வேளைக்கு மாத்திரை கேட்டு வாங்கிக் கொடுப்பது எவ்வகையிலும் உதவாது.

ஒருமுறை ருமாட்டிக் காய்ச்சல் கண்ட குழந்தையின் நிலை வேறு. அதற்கு மீண்டும் இக்கிருமி தொற்றினால் வால்வு மேலும் கெடும். ஆதலின் தொண்டை வலி வந்தாலும் வராவிட்டாலும், 21 நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டுவர வேண்டும். எத்தனை ஆண்டுகள் என்பதை இருதயத்தின் நிலை கண்டு டாக்டர் தீர்மானிப்பார். உகாண்டா நாட்டில், எக்கோவில் மட்டும் சிறிது குறை தெரிந்த 818 சிறார்களை இரண்டாண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2021 இல் வெளிவந்தது. ஊசி போடாதவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு நோய் முற்றியது. போட்டுக்கொண்டவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு.

தடுப்பூசி கண்டுபிடிக்கலாகாதா என்று கேட்கலாம். முயற்சிகள் நடைபெறுகின்றன. பல வகைக் கிருமிகளின் நுனிகளைச் சேர்த்து ஒரு மருந்தாக்கும் முறை ஒன்று. வேலூரில் நம் நாட்டுச் சிறார்களின் கிருமிகளை ஆராய்ந்தபோது பற்பல வகைகள் கலந்திருக்கக் கண்டனர் ஆகையால், மேல்நாட்டு வகைகளைக் கொண்டு செய்தது நமக்கு எவ்வளவு பொருந்தும் என்பது கேள்வி. மாறாத அடிப்பகுதியைக் கொண்டு செய்ய ஆஸ்திரேலியாவில் முயல்கின்றனர். இருதயத்தை ஒத்த பகுதியை நீக்கிவிட்டுச் செய்ய வேண்டியிருப்பதால் எல்லோருமே மெல்லவே நடக்கின்றனர்.

அதுவரை ஊராட்சிகள் சும்மா இருக்க வேண்டியதில்லை. மேல்நாடுகளில் பென்சிலின் வருமுன்பே ருமாட்டிக் காய்ச்சல் குறையத் தொடங்கியது. வீடுகளில் நெருக்கம் குறைந்ததே காரணம் என்று அறிஞர் கருதுகின்றனர். 2011 ஆம் ஆண்டுக் கணக்கின்படி நம் மாவட்டத்தில் சதுரக் கிலோமீட்டருக்கு 1,111 பேர். தமிழகத்தில் சென்னைக்கு அடுத்த நெருக்கம் இதுவே. கடற்கரை ஊர்களில் ஓரறையில் ஆறேழு பேர் உறங்கும் வீடுகள் இன்றும் உள. அரசு உதவியுடன் கட்டும் வீட்டிற்கு வரைபடம் பார்க்கும்போது இரண்டாவது சன்னல் எங்கே என்று கேட்பதையும் சுகாதாரப் பணியாகவே நான் கொள்கிறேன். சுவர் எழும்பிய பின் கேட்டுப் பயனில்லை.

2013 இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் ஊர்தியில் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு கவனிக்க வேண்டிய நோய்களில் ருமாட்டிக் இருதய நோயும் ஒன்று. அக்குழு வரும் நாளில், இடம் மாறும் மூட்டு வலியால் பள்ளிக்கு வராமல் நின்ற குழந்தைகளின் பெயரை ஆசிரியர் வருகைப் பதிவேட்டிலிருந்து எடுத்து வைத்தால் பெரிதும் உதவும். நோயுள்ள குழந்தை அன்றைக்குப் பள்ளிக்கு வராமலே இருந்துவிடக் கூடுமல்லவா? ஊசி போட்டுவரும் குழந்தையின் பெயரும் அடுத்த ஊசி நாளும் கிராம சுகாதாரச் செவிலியரின் ஏட்டில் இருக்க வேண்டும். மீன்பிடிக்கவும் ரப்பர் பால் வெட்டவும் குடும்பத்தோடு வேறிடம் செல்வோர், ஊசி அட்டையைக் கையோடு எடுத்துச் சென்று அவ்வூர்ச் சுகாதார நிலையத்தில் காட்டினால் அங்கேயே தொடரலாம். இவ்வூசி வலி மிகுந்தது. குழந்தை அழுவதைக் கண்டு ஒரு தடவை தவற விடும் பெற்றோரும் உண்டு. மெல்ல ஏற்றினாலும், மரத்துப்போகும் மருந்தைச் சிறிது கலந்து போட்டாலும் வலி குறையும். தயங்காமல் டாக்டரிடம் கேளுங்கள்.